சங்கத்துக்குச் சொந்த மின்னஞ்சல் முகவரி

சங்கத்தின் பெயர்ப் பலகையைக் கழற்றிக் காரியதரிசி தம் வீட்டு வாசலில் மாட்டிக்கொள்வதை எந்த அங்கத்தினரும் ஒப்பமாட்டார். சங்கத்தின் முத்திரையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அவர் வேறு உத்தியோகத்துக்குப் போய்விட்டால் மகாசபையில் பெருங் கூச்சல் எழும். ஆயினும், வெளியூர் வியாபாரிகளும் பாங்கியும் அரசாங்க அலுவலகங்களும் சங்கத்தோடு கடிதப் போக்குவரத்து நடத்துகிற மின்னஞ்சல் முகவரி, நான் பரிசோதனைக்குச் செல்லும் சங்கங்கள் பலவற்றில், எவரோ ஒருவருடைய சொந்தப் பெயரில் அவருடைய கைபேசி எண்ணோடு பிணைந்து கிடக்கிறது. இதைப் பற்றி எவரும் தீர்மானம் நிறைவேற்றியதில்லை, எவரும் ஆட்சேபித்ததுமில்லை.

2022-ஆம் ஆண்டில் ஒரு நெசவாளர் சங்கத்தில் நேர்ந்ததைக் கூறினால் விஷயம் விளங்கும். அச்சங்கத்தில் நூற்றுக்கு மேற்பட்ட தறிகள் ஓடுகின்றன. போர்வையும் படுக்கை விரிப்பும் நெய்கிறார்கள். சங்கத்துக்கு முதன்முதலாகக் கணினி வந்த காலத்தில் இருந்த குமாஸ்தா, சுறுசுறுப்பான இளைஞர், இலவசச் சேவை ஒன்றில் தம் பெயரையும் பிறந்த ஆண்டையும் சேர்த்து ஒரு முகவரி திறந்தார். அதுவே சங்கத்தின் கடிதத் தாளிலும் அச்சேறியது. பல ஆண்டுகள் ஒரு குறையும் இல்லை. பின்பு அவருக்கு வெளியூரில் வேறு வேலை கிடைத்தது. போகும்போது சாவிக்கொத்து, சரக்கிருப்பு, பில் புத்தகங்கள் அனைத்தையும் பட்டியலிட்டு ஒப்படைத்தார். கடவுச்சொல்லையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். ஓராண்டு கழித்து ஆனி மாதத்தில் பழைய கணினி பழுதாகிப் புதியது வந்தது. புதிய குமாஸ்தா கடவுச்சொல்லைச் சரியாகவே தட்டினார். அறிமுகமில்லாத கணினி என்று கண்ட அச்சேவை, முகவரியோடு பதிவாகியிருந்த கைபேசிக்கு ஆறு இலக்க எண் ஒன்றை அனுப்பியது. அந்தக் கைபேசி எண்ணைப் பழைய குமாஸ்தா எப்பொழுதோ விட்டுவிட்டார். நம் நாட்டில் கைவிடப்பட்ட எண் 90 நாட்களுக்குப் பின் வேறொருவருக்கு ஒதுக்கப்படலாம். அவ்வாறே அது முன்பின் தெரியாத ஒருவர் கைக்குப் போயிருந்தது. பெட்டி திறக்கவில்லை.

ஆண்டுதோறும் தீபாவளிக்குச் சரக்கு எடுக்கும் வடநாட்டு வியாபாரி ஒருவர் ஆடி, ஆவணி மாதங்களில் மூன்று முறை அம்முகவரிக்கு எழுதியிருக்கிறார். பதில் வராமையால், சங்கத்துக்கு இம்முறை விருப்பமில்லை போலும் என்று எண்ணி வேறிடம் போய்விட்டார். புரட்டாசியில் தலைவர் அவரைத் தொலைபேசியில் அழைத்தபோதுதான் செய்தி தெரிந்தது. ஐந்து வாரம் அங்கத்தினர்களுக்குப் பாதிப் பாவுதான் கொடுக்க முடிந்தது. தீபாவளிக்கு முந்திய ஐந்து வாரம் எத்தகைய காலம் என்பதை இப்பத்திரிகை படிப்போருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. குமாஸ்தாவைக் குறை கூற இடமில்லை. குறை கூறித்தான் ஆகவேண்டுமானால், அந்தக் கடிதத் தாளை இரண்டு பரிசோதனைகளில் கையில் எடுத்துப் பார்த்தும் ‘இம்முகவரி யாருடையது?’ என்று கேளாத என்னையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஒரு மின்னஞ்சல் முகவரியை எடுத்துக்கொண்டால், நடுவில் ‘அட்’ என்று படிக்கப்படும் சுழிக் குறி இருக்கும். 1971-ஆம் ஆண்டில் ரே டாம்லின்சன் என்னும் அமெரிக்கப் பொறியாளர், பெயரையும் கணினியையும் பிரித்துக் காட்ட இக்குறியைத் தேர்ந்தெடுத்தார். குறிக்கு இடப்புறம் இருப்பது பெட்டியின் பெயர். வலப்புறம் இருப்பது பெட்டி வைக்கப்பட்டுள்ள வீட்டின் பெயர். இலவசச் சேவையில் வலப்புறப் பெயர் அச்சேவையை நடத்தும் கம்பெனிக்கு உரியது. இடப்புறம் நாம் எழுதிக்கொண்ட பெயர் அவர்கள் அநுமதிக்கும் வரையில் நமக்கு. இரண்டு ஆண்டுகள் உபயோகிக்கப்படாத தனிநபர் கணக்குகளை 2023 டிசம்பர் முதல் நீக்கத் தொடங்குவதாகக் கூகிள் அறிவித்தது. அவர்கள் வீடு, அவர்கள் விதி.

வலப்புறப் பெயரையே சங்கம் தனக்கெனப் பதிவு செய்துகொள்ளலாம். இதற்கு டொமைன் பெயர் என்று பெயர். அவ்வாறு பதிந்துகொண்டபின், கடிதங்களைக் காத்து வைக்கும் வேலையை எந்தக் கம்பெனியிடமும் கூலிக்கு விடலாம், அக்கம்பெனி கட்டணத்தை உயர்த்தினால் வேறொன்றுக்கு மாறலாம், முகவரி மாறாது. வியாபாரிக்கு ஒன்றும் தெரியவே தெரியாது. ஆனால் ஒன்றை மறத்தலாகாது. டொமைன் பெயர் கிரயத்துக்குக் கிடைப்பதன்று, குத்தகைக்குக் கிடைப்பது. ஓராண்டு முதல் பத்தாண்டு வரை ஒரே தவணையில் எடுக்கலாம். குத்தகையைப் புதுப்பித்துக்கொண்டே வரும் வரையில் வேறெவரும் அதைத் தீண்ட முடியாது.

பெயரின் கடைசிப் பகுதியில் எதை வைத்துக்கொள்வது என்று பலர் கேட்கிறார்கள். இந்தியாவுக்குரியது ‘.இன்’, 2005 ஜனவரி முதல் நிக்ஸி என்னும் இணைய ஸ்தாபனத்தின் பொறுப்பில் இது தாராளமாகக் கிடைத்து வருகிறது. ‘.காம்’ உலகெங்கும் பழகியது. கூட்டுறவு ஸ்தாபனங்களுக்கென்றே ‘.கூப்’ என்று ஒரு முடிவு இருப்பது நம் அங்கத்தினரில் பலருக்குத் தெரியாது. இணையப் பெயர்களை மேற்பார்க்கும் ஐகான் என்னும் ஸ்தாபனம் 2000 நவம்பரில் புதிதாக ஏழு முடிவுகளைத் தேர்ந்தெடுத்தபோது இதுவும் அவற்றுள் ஒன்றாயிற்று. கூட்டுறவு அமைப்பு என்று காட்டினாலன்றி இது கிடைக்காது. குஜராத்தின் அமுல் தன் கடிதப் போக்குவரத்தில் இதை உபயோகிக்கிறது. கட்டணம் சற்று அதிகம். சிறிய சங்கத்துக்கு ‘.இன்’ போதும் என்பது என் கருத்து. ஆண்டுக்குச் சில நூறு ரூபாயிலிருந்து ஆயிரத்துச் சொச்சத்துக்குள் முடிந்துவிடும். தமிழ் எழுத்திலேயே ‘.இந்தியா’ என்னும் முடிவும் உண்டு. ஆசையாகத்தான் இருக்கிறது. எனினும் தமிழ் எழுத்து முகவரிகளை ஏற்காத அஞ்சல் அமைப்புகள் இன்றும் பல இருப்பதால், கடிதத்துக்கு ஆங்கில எழுத்துப் பெயரையே வைத்துக்கொள்ள நேர்கிறது. அப்பெயரும் தொலைபேசியில் ஒரு முறை சொன்னால் எதிரிலிருப்பவர் பிழையின்றி எழுதிக்கொள்ளக்கூடியதாயிருக்க வேண்டும். சங்கத்தின் பதிவு எண்ணையும் தாலுகாவையும் சேர்த்து நாற்பது எழுத்துக்குக் கோத்துவிடும் ஆர்வத்தை அடக்கிக்கொள்வது நல்லது.

பெயரைப் பதிவதற்கு முன் நிர்வாகக் குழுவில் ஒரு தீர்மானம் நிறைவேற வேண்டும். இதைச் சம்பிரதாயம் என்று நினைத்தலாகாது. பதிவுக் கம்பெனியிடம் கணக்குத் திறக்கும்போது ‘பெயருக்கு உரியவர்’ என்று ஓர் இடம் வரும். அவ்விடத்தில் யார் பெயர் எழுதப்படுகிறதோ அவருக்கே பாத்தியதை. கணினி கற்பிக்கும் இளைஞர் ஒருவரோ, வலைத்தளம் அமைத்துத் தரும் கம்பெனியோ ‘நாங்களே எடுத்துத் தருகிறோம்’ என்று முன்வருவதுண்டு. நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். ஆயினும் அவர்கள் கணக்கில், அவர்கள் பெயரில் எடுத்தால், சங்கத்தின் நிலத்துக்குப் பட்டா அவர்கள் பெயரில் வாங்கியதற்கு ஒப்பாகும். உரியவர் இடத்தில் சங்கத்தின் பதிவுப் பெயரும் விலாசமும் இருக்கட்டும். கட்டணம் சங்கத்தின் பாங்கிக் கணக்கிலிருந்து செல்லட்டும். ரசீது சங்கத்தின் பெயரில் வரட்டும். தொடர்புக்குக் கொடுக்கும் கைபேசி எண், அலுவலகத்துக்கென்று வாங்கி இரும்புப் பெட்டிக்கு அருகில் வைத்திருக்கும் எண்ணாயிருக்கட்டும்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. பதிவுக் கம்பெனி எச்சரிக்கைகளை அனுப்புவதற்கு ஒரு மின்னஞ்சல் முகவரி கேட்கும். புதிதாக எடுக்கும் பெயரிலுள்ள முகவரியையே அங்கே கொடுத்துவிடலாகாது. குத்தகை காலாவதியானால் அம்முகவரியும் செத்துவிடும். காலாவதியாகப் போகிறது என்ற செய்தி எங்கே போய்ச் சேரும்? பூட்டிய அறைக்குள்ளேயே சாவியை வைத்த கதைதான். தலைவர், காரியதரிசி இருவரும் அறிந்த வேறொரு முகவரியைக் கொடுக்க வேண்டும்.

அடுத்தது கடிதங்களைக் காத்து வைக்கும் சேவை. ‘நாமே ஒரு சர்வர் வைத்து நடத்தினால் செலவு மிச்சமாகாதா?’ என்று பட்டதாரி அங்கத்தினர் ஒருவர் கேட்டார். முடியும், ஆனால் வேண்டாம் என்பேன். இரவு பகல் மின்சாரம், பழுது பார்ப்பவர், திருடரிடமிருந்து காவல் இத்தனையும் ஒரு கைத்தறிச் சங்கம் சுமக்கத் தேவையில்லை. கூகிள், மைக்ரோஸாப்ட் ஆகியவை ஆளுக்கு இவ்வளவு என்று கட்டணத்துக்கு இச்சேவையை அளிக்கின்றன. சென்னையில் தலைமையகம் கொண்ட ஸோஹோ, சொந்த டொமைன் உள்ளவர்களுக்கு ஐந்து பேர் வரை கட்டணமில்லாமல் ஒரு திட்டத்தை அளித்து வருகிறது. இலவசம் எதுவும் நிரந்தரம் என்று எண்ணிவிடலாகாது. கூகிளும் ஒரு காலத்தில் இவ்வாறு இலவசமாக அளித்தது. 2012 டிசம்பரில் புதியவர்களுக்கு நிறுத்தியது. 2022 ஜனவரியில் பழையவர்களும் பணம் கட்ட வேண்டும் என்றது. பின்பு சொந்த உபயோகத்துக்கு மட்டும் விலக்களித்தது. அப்பொழுது ஸ்தாபனங்கள் பல வேறு சேவைக்கு மாறின. டொமைன் பெயர் அவற்றுடையதாயிருந்ததால் முகவரியை இழக்கவில்லை.

பெயரும் சேவையும் கிடைத்தபின் இரண்டையும் இணைக்க வேண்டும். இதுதான் பலர் அஞ்சும் இடம். அஞ்சுதற்கு ஒன்றுமில்லை. உங்கள் பெயர் ‘நம்தறி.இன்’ என்று வைத்துக்கொள்வோம். டில்லி வியாபாரி கடிதம் எழுதி அனுப்பியதும் அவருடைய அஞ்சல் சர்வர், ‘நம்தறி.இன் என்னும் பெயருக்குரிய கடிதங்களை யார் வாங்குகிறார்?’ என்று விசாரிக்கிறது. இந்த விசாரணைக்கு விடை சொல்லும் ஏற்பாடு டி.என்.எஸ். எனப்படும். 1983-ஆம் ஆண்டில் பால் மொகபெட்ரிஸ் என்பவர் வகுத்தது இது. உலகத்துப் பெயர்களையெல்லாம் ஒரே புத்தகத்தில் எழுதிவைக்காமல், தலைமை அலுவலகம் ‘.இன் அலுவலகத்தைக் கேள்’ என்று சொல்ல, அது ‘நம்தறியின் ஏடு இன்ன இடத்தில் உள்ளது, அங்கே கேள்’ என்று சொல்லும். மாகாணம், ஜில்லா, ஊர் என்று தபால் பிரிப்பதைப் போன்ற முறையே. அந்த ஏட்டில் நாம் எழுதும் குறிப்புகளைத்தான் பதிவுகள் என்கிறார்கள்.

கடிதம் வாங்குபவரைக் காட்டும் பதிவு எம்.எக்ஸ். எனப்படும். சேவைக் கம்பெனி இரண்டு மூன்று சர்வர்களின் பெயரையும் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண்ணையும் கொடுக்கும். சிறிய எண்ணுள்ளதற்கு முதலில் செல். அது கிடைக்காவிட்டால் அடுத்ததற்குச் செல் என்பது பொருள். கொடுத்ததை அப்படியே ஏட்டில் பிரதி செய்துவிட்டு, பழைய எம்.எக்ஸ். பதிவு ஏதேனும் இருந்தால் நீக்கிவிட வேண்டும். மாற்றம் ஊரெங்கும் தெரியச் சில நிமிஷமும் ஆகலாம், 48 மணி நேரமும் ஆகலாம். ஆகையால் வியாபாரம் மும்முரமாயிருக்கும் வாரத்தில் இவ்வேலையைத் தொடங்க வேண்டாம்.

கடிதம் வருவதற்கு இவ்வளவு போதும். நாம் அனுப்பும் கடிதம் பிறரால் நம்பப்படுவதற்கு மேலும் மூன்று பதிவுகள் வேண்டும். மின்னஞ்சலில் அனுப்புபவர் இடத்தில் யார் பெயரையும் யாரும் எழுதிவிடலாம். தபால் உறையின் பின்புறம் பொய்ப் பெயர் எழுதுவதைப் போல. இதனைத் தடுப்பதற்கே இவை. நூல் சிப்பத்தை நினைத்துக்கொண்டால் எளிதில் புரியும். இன்ன இன்ன லாரிகள்தாம் எங்கள் சிப்பத்தை ஏற்றி வரும் என்று மில் முன்கூட்டியே பட்டியல் கொடுத்தால் அது எஸ்.பி.எஃப். பதிவு. சிப்பத்தின் மேல் மில் ஒட்டிய சீட்டு, நடுவழியில் பிரித்துக் கட்டினால் கிழிந்து காட்டிக்கொடுக்கிறதே, அது டி.கே.ஐ.எம். என்னும் மறைக்குறிக் கையெழுத்து. சேவைக் கம்பெனி தன்னிடம் உள்ள இரகசியச் சாவியால் ஒவ்வொரு கடிதத்துக்கும் கையெழுத்திடும். அதைச் சரிபார்க்கும் பகிரங்கச் சாவியை நாம் ஏட்டில் எழுதி வைக்கிறோம். சீட்டும் லாரியும் எங்கள் பெயரோடு ஒவ்வாத சிப்பம் வந்தால் அதை என்ன செய்வது என்று வாங்குபவருக்கு நாம் கொடுக்கும் உத்தரவு டிமார்க். அவ்வுத்தரவு மூன்று வகை: கவனித்து எழுதியனுப்பு, ஒதுக்கி வை, திருப்பியடி. தொடக்கத்தில் முதல் வகையை வைத்துச் சில வாரம் வரும் அறிக்கைகளைப் பார்த்து, நம் கடிதங்கள் யாவும் சரியாகச் செல்கின்றன என்று தெரிந்தபின் அடுத்தடுத்த வகைக்குப் போக வேண்டும்.

இவை இல்லாவிட்டால் என்ன என்று கேட்போருக்கு ஒரு செய்தி. 2024 பிப்ரவரி முதல் கூகிளும் யாஹூவும், தங்கள் பெட்டிகளுக்கு எழுதுவோர் யாராயினும் முதலிரண்டில் ஒன்றாவது வைத்திருக்க வேண்டும் என்றும், பெருந்தொகையாக அனுப்புவோர் (கூகிளின் கணக்கில் நாள் ஒன்றுக்கு ஐயாயிரம் கடிதம் வரை செல்வோர்) மூன்றும் வைத்திருக்க வேண்டும் என்றும் விதித்தன. நாம் ஐயாயிரம் அனுப்பப் போவதில்லை. ஆயினும் மூன்றையும் எழுதிவிடுவதற்கு அரை மணி நேரம் போதும், தயங்குவானேன்?

இங்கே என் கைப்பிழை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒரு சங்கத்துக்கு நானே உட்கார்ந்து உதவியபோது, ஏட்டில் ஏற்கெனவே இருந்த எஸ்.பி.எஃப். பதிவைக் கவனியாமல் கீழே இன்னொன்றைச் சேர்த்துவிட்டேன். ஒரு பெயருக்கு ஒரே ஒரு எஸ்.பி.எஃப். பதிவுதான் இருக்கலாம். இரண்டு இருந்தால் இரண்டும் செல்லாது. மகாசபையில் ஒரே விஷயத்தைக் குறித்து இரண்டு தீர்மானம் எழுதியதைப் போல. பத்து நாட்கள் அச்சங்கத்தின் கடிதங்களில் பல, வேண்டாத கடிதங்கள் போகும் கூடையில் விழுந்தன. ஆகையால், பதிவுகளை எழுதி முடித்ததும் இலவசச் சேவையிலுள்ள ஒரு பெட்டிக்குக் கடிதம் அனுப்பி, அங்கே ‘மூலத்தைக் காட்டு’ என்னும் வசதியைத் திறந்து, மூன்று சோதனைகளுக்கும் நேரே ‘பாஸ்’ என்று இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இம்மூன்றும் இருந்தால் மோசடியே நடவாது என்று எவரேனும் சொன்னால் நம்ப வேண்டாம். மஞ்சள் வாங்கும் வியாபாரிக்கு, ‘எங்கள் பாங்கிக் கணக்கு மாறிவிட்டது, பணத்தை இனி இக்கணக்குக்கு அனுப்புக’ என்று விவசாயிகள் சங்கத்தின் பெயரால் ஒரு கடிதம் வருகிறது. சங்கத்தின் பெயரையே பொய்யாக எழுதியிருந்தால் டிமார்க் தடுக்கும். ஆனால் திருடன் சங்கத்தின் பெயரைப் போலவே தோன்றும் வேறொரு டொமைனைப் பணம் கொடுத்துப் பதிந்துகொண்டு எழுதினால், அது அவனுடைய சொந்தப் பெயர். மூன்று சோதனைகளிலும் தேறிவிடும். ஆங்கிலத்தில் ‘ஆர்’, ‘என்’ என்னும் இரண்டு எழுத்துகளை நெருக்கி எழுதினால் ‘எம்’ போலவே தோன்றும். வயதான கண்ணுக்கு மட்டுமன்று, இளங் கண்ணுக்குந்தான். ஆதலின், ‘கணக்கு எண் மாற்றத்தை நாங்கள் ஒருபோதும் மின்னஞ்சலில் மட்டும் தெரிவிப்பதில்லை, தொலைபேசியில் எங்கள் காரியதரிசியைக் கேட்டு உறுதி செய்துகொள்க’ என்னும் வாக்கியத்தை ஒவ்வொரு பில்லிலும் அச்சிடுங்கள். பணம் போய்விட்டது என்று தெரிந்தால் பாங்கிக்கும் 1930 என்னும் தேசிய உதவி எண்ணுக்கும் அந்தக் கணமே தெரிவிக்க வேண்டும். மறுநாள் நிர்வாகக் குழு கூடட்டும் என்று காத்திருத்தல் ஆகாது.

பெட்டிகளுக்கு ஆட்களின் பெயரை இடாமல் பதவியின் பெயரை இடுங்கள். காரியதரிசி, விற்பனை, கணக்கு என்று மூன்று போதும். காரியதரிசி மாறினால் கடவுச்சொல் மாறும். முகவரியும் பழைய கடிதங்களும் இருந்த இடத்திலேயே இருக்கும். ஒரே பெட்டியின் கடவுச்சொல்லை நாலு பேர் தெரிந்து வைத்திருப்பதைவிட, ஒருவருக்கு ஒரு பெட்டி கொடுத்து, விற்பனைக்கு வரும் கடிதம் இருவருக்கும் போகும்படி செய்வது மேல். பெட்டிகளைத் திறக்கவும் மூடவும் அதிகாரமுள்ள தலைமைக் கணக்கு ஒன்று உண்டு. அதன் சாவியும் பதிவுக் கம்பெனிக் கணக்கின் சாவியும் ஒரே ஆள் கையில் இருக்கலாகாது. ரொக்கப் பெட்டிக்கு இரட்டைப் பூட்டுப் போட்டு இருவர் கையில் சாவி கொடுக்கும் வழக்கம் நமக்குப் புதிதன்று. கைபேசி தொலைந்தாலும் உள்ளே நுழைய உதவும் மாற்று எண்களை அச்சிட்டு, உறையிலிட்டு, அரக்கு முத்திரை வைத்து அந்தப் பெட்டிக்குள்ளேயே வைத்துவிடலாம். பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியலில் சாவிக்கொத்துக்கு அடுத்த வரியில் இதையும் எழுதுங்கள்.

பழைய முகவரி திறக்கும் நிலையில் இருந்தால் அதை உடனே மூட வேண்டாம். அங்கு வரும் கடிதங்கள் புதிய முகவரிக்குத் தானே வந்து சேரும்படி செய்து, ஓராண்டாவது வைத்திருங்கள். இதற்குள் பாங்கி, ஜி.எஸ்.டி. பதிவு, வருமான வரிக் கணக்கு, கோ-ஆப்டெக்ஸ், நூல் கொடுக்கும் மில் ஆகிய எல்லா இடங்களிலும் புதிய முகவரி ஏற வேண்டும்.

புதுப்பிக்கும் தேதியைத் தீ இன்ஷூரன்ஸ் தேதிக்குப் பக்கத்தில் குறித்து வையுங்கள். 1999 டிசம்பரில் மைக்ரோஸாப்ட் கம்பெனியே பாஸ்போர்ட்.காம் என்னும் தன் பெயருக்கு 35 டாலர் கட்டணத்தைக் கட்ட மறந்துபோய், அதைச் சார்ந்திருந்த ஹாட்மெயில் பெட்டிகளைப் பலரால் திறக்க முடியாமற் போயிற்று. அமெரிக்கப் புரோகிராமர் ஒருவர் தம் சொந்தப் பணத்தைக் கட்டி அதனைச் சீர்ப்படுத்தினார். நம் சங்கத்துக்கு அப்படி ஒருவர் கிடைப்பது அரிது. ‘.காம்’ முதலிய பெயர்களில், கெடு தாண்டிய பின்பு பதிவுக் கம்பெனி கொடுக்கும் சலுகை நாட்களும் கழிந்துவிட்டால், 30 நாள் மீட்புக் காலம் ஒன்று உண்டு, அபராதம் கனமாயிருக்கும். அதற்குப்பின் ஐந்து நாள் கழித்துப் பெயர் பொதுச் சந்தைக்கு வந்துவிடும். யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். எடுத்தவருக்குச் சங்கத்தின் கடிதங்கள் தாமே போய்ச் சேரும்.

முன்னே சொன்ன நெசவாளர் சங்கம் 2023 தை மாதத்தில் தன் பெயரில் ஒரு ‘.இன்’ பதிந்து ஐந்தாண்டுக்குக் கட்டணம் கட்டிவிட்டது. பழைய பெட்டி இன்றுவரை திறக்கவில்லை. அதற்குள் இருக்கும் மூன்று கடிதங்களையும் எவரும் படித்ததில்லை. கடிதத் தாள் இன்னும் இரண்டு ரீம் மிச்சமிருந்ததால், பழைய முகவரியை மையால் அடித்துப் புதியதை ரப்பர் முத்திரையால் குத்தி அனுப்பினார்கள். அந்த வடநாட்டு வியாபாரி சித்திரையில் புதிய முகவரிக்கு எழுதி, நாலு நிறத்தில் மாதிரித் துண்டு கேட்டிருக்கிறார். மாதிரி அன்றைய தினமே பார்சலில் போயிற்று.